பன்னிரண்டாவது தட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல, என் சோம்பலில் பிறந்தது. ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நூலகத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தயாரித்தேன். பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய், தேநீர் குடித்துக்கொண்டே நாலு பேரைக் கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் எல்லாம் தெரிந்துபோயிருக்கும். பட்டியல் சரியாக இருந்திருக்கும். இந்தக் கதை இருந்திருக்காது. எது மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

எங்கள் ஊர் ஸ்ப்ரூஸ் பெண்ட், கனடாவின் வடகாட்டில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நகர மன்றம், காவல் நிலையம், மருந்துக்கடை, நான் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் நூலகம். அந்தப் பக்கம் க்ரீ எனும் பூர்வகுடி மக்களின் ஊர். அரசாங்க வரைபடத்தில் அதற்கு ஒரு எண் உண்டு. பேச்சில் அக்கரைதான்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். முதல் தொடக்கம் இது:

"மே மாதம் ஐந்தாம் தேதி. நகர மன்றத்தின் முன்னால் பன்னிரண்டு சிவப்பு உடைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே உடல் இல்லாத ஒவ்வொரு உடையும்

நிறுத்திவிட்டேன். அன்று காற்றே இல்லை. உடைகள் துவைத்துக் காயப்போட்டவை போல அசையாமல் தொங்கின. காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களை நினைத்து அந்த நாளில் ஊர் ஊராக ஆளில்லாத சிவப்பு உடைகளைத் தொங்கவிடுவார்கள். அவற்றைக் காற்றில் ஆடவிடாமல் எழுதிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காற்று பாவம், ஓய்வெடுக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "புள்ளிவிவரங்களை உற்றுநோக்கினால் நாம் அதிர்ச்சி

இதையும் நிறுத்திவிட்டேன். இது குழுத் தலைவரின் வரவேற்புரையில் வருகிற வரி. தட்டச்சு செய்து கொடுத்தவள் நான் என்பதால் விரலிலேயே தங்கிவிட்டது.

மூன்றாவது: எர்னஸ்டீன் மெராஸ்டி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.

இது நிற்கட்டும்.

2

எர்னஸ்டீனை "உயரமான, கம்பீரமான பெண்மணி" என்று எழுதியிருந்தேன். வரைவை அவளுக்குப் படித்துச் சொன்னபோது கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"உயரமா? நானா? ஸ்டியரிங்குக்கு மேல ரோடு தெரியறதுக்கே ரெண்டு தலகாணி போட்டுத்தான் உக்கார்றேன். அத எழுது."

எழுதிவிட்டேன். இரண்டு தலையணை.

மாலையில் அக்கரைப் பிள்ளைகளை இறக்கிவிடும்போது அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் பிள்ளை இறங்கினால், அது வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், சன்னலுக்கு வந்து கை அசைத்த பிறகுதான் பேருந்து நகரும். அசைக்காவிட்டால் ஹார்ன். அதற்கும் அசைக்காவிட்டால் எர்னஸ்டீன் இறங்கிப்போய்க் கதவைத் தட்டுவாள். நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டிய சுற்று எழுபது நிமிடம் ஆகும். தாமதத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டுப் பள்ளியிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் பதில் எழுதினாள். பதிலில் ஒரே சொல்தான் இருந்தது: லூயெல்லா.

லூயெல்லா அவள் தங்கை. பத்தொன்பது வயது. முப்பது வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், நெடுஞ்சாலைத் திருப்பத்தில் நின்று யாரோ ஒருவருடைய வண்டியில் ஏறினாள். மூன்று நாள் கழித்து ஆற்றோரப் பனியில் கிடைத்தாள். காலில் பூட்ஸ் இல்லை.

[இந்த இடத்தில், வண்டிக்குள் நடந்ததை எழுத ஒரு பத்தி அளவுக்கு இடம் விட்டிருந்தேன். அப்படிப்பட்ட பத்தியை எழுதுவது கஷ்டமல்ல. பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் அந்தப் பத்தியில் லூயெல்லா இருக்கமாட்டாள், வண்டி ஓட்டியவன்தான் இருப்பான். இது அவன் கதை இல்லை. ஆகவே அந்த இடத்தில் இது: லூயெல்லா மூக்கால் சிரிப்பாள், குறட்டை விடுகிற மாதிரி. பானக் ரொட்டியின் கருகின ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு நடுப்பகுதியை அக்கா தட்டில் போட்டுவிடுவாள்.]

காவல் நிலையக் கோப்பில் "குளிரால் மரணம், சந்தேகத்துக்கு இடமில்லை" என்று எழுதி மூடினார்கள்.

"பூட்ஸ் மட்டும் தானாக் கழண்டு வீட்டுக்கு நடந்து போயிருச்சாம்," என்பாள் எர்னஸ்டீன். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அக்கரையில் பெரிய விஷயத்தை எல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒருவர் பேசினால் அது மீன்வலை பற்றியதாக இருக்கும்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மே ஐந்தாம் தேதி, நகர மன்றப் படிக்கட்டில், ஒலிபெருக்கியில், மற்றப் பெயர்களோடு தன் தங்கை பெயரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். வழக்கை மறுபடி திறக்கச் சொல்வது தனிச் சண்டை. அதையும் விடாமல் போடுகிறாள். இந்தக் கதையில் அவள் கேட்பது பெயர்.

3

"பூர்வகுடிப் பெண்கள் மற்றும் சிறுமியருக்கு எதிரான வன்முறை குறித்த பொது விழிப்புணர்வு ஒருங்கிணைப்புக் குழு." இதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவர்தான் தலைவராக முடியும். ப்ரெண்டா ஸ்க்ராம்ஸ்டாட் சொல்லி முடித்தார். நகர மன்றத் துணைத் தலைவர் அவர்.* மருந்துக்கடை ஹால்வர், பள்ளியிலிருந்து ஒருவர், தேவாலயத்திலிருந்து ஒருவர், செயலாளராக நான். ஆக மொத்தம் ஐந்து பேர், ஐந்து பேரும் இக்கரை.

அக்கரைக்குப் பிரதிநிதித்துவம் மிகமிக முக்கியம் என்று மூன்றாவது கூட்டத்தில் உணர்ச்சியோடு பேசி, நாலாவது கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். நாலாவது கூட்டத்தில் நிறப் பிரச்சினை வந்துவிட்டது. உடைகள் தக்காளிச் சிவப்பா, செங்கல் சிவப்பா?

"தக்காளி கொஞ்சம் சந்தோஷமாத் தெரியுதே," என்றார் ஹால்வர்.

"செங்கல்னா ரொம்ப இடிஞ்சுபோன மாதிரி இருக்கும்," என்றார் தேவாலயத்துக்காரர்.

இரண்டு கூட்டம் பேசி "மிதமான சிவப்பு" என்று தீர்மானித்தோம். அப்படி ஒரு நிறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசியில் தக்காளிதான் வந்தது.

இடையில் ஒருநாள் எர்னஸ்டீன் பேருந்துச் சாவி கையில் இருக்க உள்ளே வந்தாள்.

"என் தங்கச்சி பேரச் சேக்கணும்."

ப்ரெண்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்க வலி எங்களுக்குப் புரியுது, எர்னஸ்டீன்."

"வலி இருக்கட்டும். பேரு?"

"பட்டியலுக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்கோம். 'கொலை'ன்னோ 'காணவில்லை'ன்னோ பதிவு இருக்கணும். இல்லாட்டி நாளைக்கு ஒருத்தர் கேள்வி கேட்டா... உங்க தங்கச்சியோட கோப்பு..."

என்னைப் பார்த்தார். "மூடியிருக்கு," என்றேன். செயலாளரின் வேலை அதுதானே.

"தெரியும். மூடினப்ப நான் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன்."

"ஒரு நிமிஷ மௌனம் வச்சிருக்கோம்," என்றார் ப்ரெண்டா, குரலைத் தணித்து. "அதுல உங்க தங்கச்சியையும் மனசார நெனச்சுக்குவோம்."

"முப்பது வருஷமா மௌனமாத்தான இருக்கீங்க. இன்னும் ஒரு நிமிஷம் பத்தலையா?"

நிகழ்ச்சிக் குறிப்பில் நான் எழுதியது: "திருமதி மெராஸ்டியின் கருத்து நன்றியுடன் குறித்துக்கொள்ளப்பட்டது." பிறகு, இருநூறு பேருக்குச் சமையலை அக்கரைப் பெண்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டோம்.

"ஆகா, பிரதிநிதித்துவம் வந்துருச்சு," என்றாள் எர்னஸ்டீன். ஆனால் ஒத்துக்கொண்டாள். போனவர்களை நினைப்பது என்றால் சோறு போட வேண்டும். போடாமல் நினைத்தால் அது அவர்கள் கணக்கில் சேராது.

(* ப்ரெண்டாவுக்கு "அவர்", எர்னஸ்டீனுக்கு "அவள்" என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைவு அல்ல. ஒருத்தி என் வீட்டுக்கு வந்து குளிர்பெட்டியைத் தானே திறப்பாள். இன்னொருவர் வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு "வரலாமா?" என்பார்.)

4

இப்போது என் பட்டியல்.

நூலகத்துப் பழைய செய்தித்தாள்களிலும் சுவரொட்டிக் கோப்பிலும் தேடினேன். பன்னிரண்டு பெயர். ஏழாவது பெயர் ஒரு சுவரொட்டியிலிருந்து வந்தது: "காணவில்லை. டெல்ஃபீன் பிக்ஹெட்டி, வயது 32. விவரம் தெரிந்தவர்கள் கணவரைத் தொடர்புகொள்ளவும்." தேதி 1998. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. தட்டச்சு செய்தேன். கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம். செய்தித்தாள் தூசியாகவும் இருக்கலாம்.

டெல்ஃபீன், எர்னஸ்டீனுடைய பெரியம்மா மகள். ஆங்கிலப் படிவத்தில் அதற்கு இருக்கும் சொல் யாருக்கும் பொருந்தும். க்ரீ மக்களுக்கோ பெரியம்மா மகள் அக்காதான், அத்தை மகள் வேறு. பின்னால் இக்கரைக் குழுவுக்கு இதை விளக்க ஒரு வரைபடம் தேவைப்பட்டது. தமிழ் வீட்டில் வளர்ந்த எனக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாராவாரம் காதல் நாவல் எடுக்க எர்னஸ்டீன் நூலகத்துக்கு வருவாள். (அட்டையில் ஆணுக்குச் சட்டை இருந்தால் எடுக்கமாட்டாள்.) அன்று என் மேசைமேல் பட்டியல் கிடந்தது. விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினாள். ஏழில் விரல் நின்றது. மூக்கிலிருந்து ஒரு சத்தம்.

"என்ன, சளியா?" என்றேன்.

"தூசி."

"எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா பாரு."

"பிழையே இல்ல. பேரெல்லாம் அழகா எழுதியிருக்க," என்று சொல்லிவிட்டு, சட்டையில்லாத ஒரு மாலுமியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

[முதல் வரைவில் இந்த இடத்தில் நான் தழுதழுத்த குரலில், "இவங்களையெல்லாம் உனக்குத் தெரியுமா, எர்னஸ்டீன்? சொல்லு" என்று கேட்பதாக எழுதியிருந்தேன். பொய். எழுத்துப் பிழை பற்றித்தான் கேட்டேன்.]

5

ப்ரெண்டாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. கதாபாத்திரமாக, சொல்கிறேன். இப்படியே விட்டால் அவர் ஒரு கேலிச்சித்திரம். கேலிச்சித்திரம் எழுத சுகமாக இருக்கிறது, வாசிக்கவும் சுகமாக இருக்கும். அங்கேதான் உதைக்கிறது. கேலிச்சித்திரம் இஸ்திரி போடாது. இவர் பன்னிரண்டு உடைகளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் வைத்து இஸ்திரி போட்டார். தன் ஏணியைத் தானே சுமந்துவந்து தொங்கவிட்டார். ஒரு உடையின் கழுத்தைச் சரிசெய்தபோது, "இப்ப நல்லாயிருக்கா, கண்ணு?" என்று அதனிடம் கேட்டதை நான் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஆகவே ப்ரெண்டா அப்படியே இருக்கட்டும், பெரிய பேச்சும் சூடான இஸ்திரிப்பெட்டியுமாக. இந்தக் கதையில் ஒரு கோமாளி கட்டாயம் வேண்டும் என்றால், பட்டியல் போட்டவள் இருக்கிறாள்.

6

மே ஐந்து, நண்பகல். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு கரை ஆட்களும் நகர மன்றத்தின் முன் நின்றார்கள், நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு.

அக்கரைப் பெண்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். மூஸ் மான் குழம்பு, வெள்ளை மீன், பானக் ரொட்டி, காட்டு பெர்ரிப் பழக்கூழ். யாரும் வாயில் வைப்பதற்கு முன், போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துவைப்பார்கள். நம் வீட்டுப் படையல் மாதிரிதான். தட்டுகளை ஸ்ப்ரூஸ் மரத்தடியில் துணி போட்டு மூடி வரிசையாக வைத்தார்கள். எண்ணினேன். பன்னிரண்டு. பட்டியலிலும் பன்னிரண்டு. குறிப்பேட்டில் ஒரு டிக் போட்டேன். என் நிர்வாகத்திறமை மேல் எனக்கே மதிப்பு வந்தது.

ப்ரெண்டா வரவேற்புரையில் அதிர்ச்சியடைந்தார். பிறகு பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். ஒரு பெயர் படித்ததும் அந்தக் குடும்பத்தார் போய் அந்த உடையின் பக்கத்தில் நிற்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு தகப்பன் உடையின் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு வரை அப்படித்தான்.

"டெல்ஃபீன் பிக்ஹெட்டி."

ஒருவரும் அசையவில்லை.

அந்த மௌனத்தில் எனக்கு ஒரு வாக்கியம் உதித்தது: "அவளுக்காக வந்து நிற்க இந்த உலகத்தில் ஒருவருமில்லை." நல்ல வாக்கியம். நாலு வினாடி உயிரோடு இருந்தது.

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜீன்ஸ் கோட்டு, பெரிய கறுப்புக் கண்ணாடி, வாயில் சூயிங்கம். அவசரமே இல்லாமல் நடந்துவந்து ஏழாவது உடையின் பக்கத்தில் நின்றாள்.

ப்ரெண்டா ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "நீங்க... டெல்ஃபீனுக்குச் சொந்தமா?"

"ரொம்ப நெருங்கின சொந்தம்."

"சகோதரியா?"

"இல்லம்மா. டெல்ஃபீனே நாந்தான்."

அக்கரைப் பக்கம் வெடித்தது. மூன்று வாரமாக அடக்கிவைத்த சிரிப்பு. ஒரு கிழவர் முழங்காலில் அடித்துக்கொண்டார். அந்தத் தகப்பன்கூட, உடையை விடாமலே, தோள் குலுங்கச் சிரித்தார். இக்கரையில் சிரிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கு நாங்கள் தீர்மானம் போட்டிருக்கவில்லை.

"ஏய் டெல்ஃபீன், செத்துப்போயும் ஒரு சுத்து பெருத்துட்டியேடி!" என்று யாரோ கத்தினார்கள்.

"மேல சாப்பாடு நல்லாப் போடறாங்க!" என்றாள் டெல்ஃபீன்.

நடந்தது இதுதான், பிறகு எனக்குச் சொல்லப்பட்டபடி. லூயெல்லா இறந்து நாலு வருடம் கழித்து, கணவன் அடித்து இரண்டு விலா ஒடிந்த டெல்ஃபீனை எர்னஸ்டீனின் அம்மா தன் வண்டியில் படுக்கவைத்து, மேலே உருளைக்கிழங்குச் சாக்கைப் போட்டு, தூரத்து நகரத்தில் கொண்டுபோய் விட்டாள். கணவன் சுவரொட்டி அடித்து வீடு வீடாக வந்தான். அக்கரையில் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, "அடடா, எங்க போனாளோ" என்று உச்சுக்கொட்டி, அவன் தலை மறைந்ததும் அதை அடுப்பில் வைத்தார்கள். நூலகத்துக்கு வந்த சுவரொட்டி மட்டும் பத்திரமாகக் கோப்பில் போனது. இருபத்தாறு வருடம் ஒரு முழு ஊர், ஒரு ஆளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்தது. போன குளிர்காலத்தில் அவன் கல்லீரல் போய்ச் செத்தான். ஊர் வாய்க்கு மட்டும் அந்தப் பழக்கம் விடவில்லை. யாராவது கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்கள்.

ஆக, எங்கள் பட்டியலின் ஏழாவது பெயரைக் கொடுத்தவன், அவள் யாரிடமிருந்து ஓடினாளோ அவன்.

7

டெல்ஃபீன் உடையை மேலும் கீழும் பார்த்தாள். "இதுவா எனக்கு? முப்பது வயசுலயே இது ஒரு கைக்குத்தான் பத்தியிருக்கும்." பெயர் எழுதிய அட்டையைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு ப்ரெண்டாவிடம் கையை நீட்டினாள். ஒலிவாங்கி கைமாறியது.

"என்னை நெனச்சதுக்கு நன்றி. நான் நல்லாருக்கேன். பேத்தி இருக்கா, பூனை இருக்கு. இங்க இருக்கிற என் தங்கச்சி எர்னஸ்டீன், அவ அம்மா அன்னிக்கு என்னை வண்டில ஏத்தினாங்க. அதனால இருக்கேன். லூயெல்லா நின்ன எடத்துல வந்தது வேற வண்டி. எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். இந்த எடம் அவளுது."

எர்னஸ்டீன் படியேறி வந்தாள். மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். பேருந்துப் பெண் பிள்ளைகள் எழுதியது, எழுத்துக்கு ஒரு பிள்ளை, எழுத்துக்கு ஒரு நிறம். உடையில் மாட்டினாள். மாட்டிவிட்டு ப்ரெண்டாவைப் பார்த்தாள்.

ப்ரெண்டாவின் முகம் உடையின் நிறத்தை அடைந்திருந்தது. "அளவுகோல்..." என்றார், என்னைப் பார்த்து. மிரட்டலாக அல்ல. குளத்தில் விழுந்தவர் கரையைப் பார்ப்பது போல.

இருபத்திரண்டு வருடத்தில் நான் செய்த ஒரே வீரச்செயல் இங்கே வருகிறது. அது ஒரு விதிமுறை. "அஞ்சு பேரும் இங்கதான் இருக்கோம்," என்றேன். "கூட்டத்தக் கூட்டிரலாம்."

கூட்டினோம், படிக்கட்டில் நின்றபடி, இருநூறு பேர் முன்னால்.

"முன்மொழியறேன்," என்றேன்.

"வழிமொழியறேன்," என்றார் ஹால்வர். "எதைன்னு மட்டும் யாராவது சொல்லிருங்க."

"அளவுகோல எடுத்துர்றதுக்கு."

"இவங்க கை தூக்கறதுக்குள்ள குழம்பு ஆறிரும்," என்றது அக்கரைக் குரல் ஒன்று.

ஐந்து கையும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது ப்ரெண்டாவுடையது. எங்கள் குழுவின் வரலாற்றில் மிகக் குறுகிய கூட்டம் இது. ஒரு பயன் விளைந்த கூட்டமும் இது ஒன்றுதான். நிகழ்ச்சிக் குறிப்பில் நிறம் பற்றி எதுவும் இல்லை.

ப்ரெண்டா அச்சடித்த நிகழ்ச்சிநிரலில் ஏழாவது பெயரை அடித்தார். பிறகு ஒலிவாங்கியைக் கையால் மூடி, சரியாக மூடாமல், ஊரே கேட்கும்படி ரகசியமாகக் கேட்டார்:

"எர்னஸ்டீன், படிக்கறதுக்கு முன்னாடி... அவ எப்படி இருப்பா?"

எர்னஸ்டீன் சொன்னாள். மூக்கால் சிரிப்பதை. ரொட்டியின் கருகின ஓரத்தை. பாட்டுப் பாடத் தெரியாமல் எல்லாப் பாட்டையும் பாடுவதை. ப்ரெண்டா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. நிகழ்ச்சிநிரலில் அந்த ஐந்து நிமிடம் கிடையாது.

[வரைவில் இங்கே "எர்னஸ்டீன் அழுதாள்" என்று எழுதியிருந்தேன். "நான் எப்ப அழுதேன்?" என்றாள். "மூக்கு ஒழுகுச்சு. ஜலதோஷம்." ஆகவே: எர்னஸ்டீனுக்கு ஜலதோஷம். ப்ரெண்டாவுக்கும் தொற்றிக்கொண்டது.]

8

முடிவுக்கு என்னிடம் சில ஏற்பாடுகள் இருந்தன.

ஒன்று: காவல் நிலையம் கோப்பை மறுபடி திறக்கிறது. வாசகருக்கு நிம்மதியாக இருக்கும். திறக்கவில்லை. எர்னஸ்டீன் நாலாவது கடிதம் எழுதியிருக்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறோம். இல்லாத பதிலை நான் எழுதிவிட்டால் அவர்களுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும்.

இன்னொன்று: எர்னஸ்டீன் குழுவுக்குத் தலைவராகிறாள். கேட்டுப் பார்த்தோம். "அப்ப பஸ்ஸ யாரு ஓட்டறது, நீயா?" என்றாள். ஆனால் இரண்டு நாள் தங்க வந்த டெல்ஃபீன், நாலு மாதமாக எர்னஸ்டீன் வீட்டில் இருக்கிறாள். பூனையும் வந்துவிட்டது. குழுவில் சேர்ந்துவிட்டாள். சிவப்பு நிறம் பற்றிப் பேச்செடுத்தால் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பாள், பேச்சு நின்றுவிடும். இப்போது நாங்கள் பாலத்தைக் கடந்து வீடு வீடாகப் போய்க் கேட்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர். பட்டியல் மெதுவாக வளர்கிறது, நானும்தான்.

மூன்றாவது முடிவு உண்மையில் நடந்தது. எல்லாம் முடிந்து சாப்பாடு தொடங்கியபோது டெல்ஃபீன் நேரே ஸ்ப்ரூஸ் மரத்தடிக்கு நடந்தாள்.

"என் தட்டு எங்கடி? எனக்கும் வச்சிருப்பீங்கல்ல?"

"சீ, தள்ளிப் போ!" என்று எர்னஸ்டீன் அவள் கையைத் தட்டிவிட்டாள். "உசிரோட இருக்கிறவளுக்கு யாரு தட்டு வைப்பா? அந்தா வரிசைல போய் நில்லு."

துணி கொஞ்சம் விலகியிருந்தது. பதினொரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருந்தது. பன்னிரண்டாவது தட்டில் பானக் ரொட்டியின் கருகின ஓரங்கள் மட்டும் குவித்து வைக்கப்பட்டிருந்தன. வேறொன்றும் இல்லை. நான் காலையில் டிக் போட்ட பன்னிரண்டும் அவர்கள் வைத்த பன்னிரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தீர்மானம் போடுவதற்கு முன்பே அவளுக்கு இடம் போட்டாயிற்று. நாங்கள்தான் தாமதமாக வந்து சேர்ந்தோம்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று வரைவைப் படித்துச் சொல்லி முடித்ததும் எர்னஸ்டீன் கேட்டாள்:

"உங்க ஆளுங்க இதப் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

"சத்தமாவா, மனசுக்குள்ளயா?"

"மனசுக்குள்ளதான். எல்லாரும் அப்படித்தான படிப்பாங்க."

"அப்ப இது இன்னொரு ஒரு நிமிஷ மௌனம்."

சொல்லிவிட்டு மூக்கால் சிரித்தாள். அவளுக்கும் அந்தச் சிரிப்பு உண்டு என்பதை முதல்முறையாகக் கவனித்தேன். "முழுசும் வேணாம்," என்றாள். "கடைசி வரிய மட்டும் சத்தமாப் படிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன். படிக்கட்டில் ப்ரெண்டா அந்தப் பெயரைப் படித்த விதத்தை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன், அந்த இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. நீங்கள் பேருந்தில் இருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம், பக்கத்தில் ஒருவர் திரும்பிப் பார்க்கலாம். "யாரு அது?" என்று அவர் கேட்டால் கதையின் முடிவு அதுதான், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். கருகின ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

லூயெல்லா மெராஸ்டி.